அப்பாவுக்கு வந்த பிஎஃப் பணம்: மனை வாங்கவா, வட்டிக்குப் போடவா?

அம்பைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 முடிந்து போன மாதம் மில்லிலிருந்து ஓய்வு. பிஎஃப், கிராஜுவிட்டி சேர்த்து 11 லட்சம் கணக்கில் ஏறிவிட்டது, பென்ஷன் மூவாயிரத்துச் சொச்சம் வரும். எனக்கு 34, பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், 28 ஆயிரம் சம்பளம், மகளுக்கு 4 வயது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வேனில் ஏற்றி நான்குவழிச் சாலைப் பக்கம் மனை காட்டக் கூட்டிப்போய் மதியம் பிரியாணியும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அதிலிருந்து மனிதர் "பேத்தி கல்யாணத்துக்குள்ள நாலு மடங்காகும்லே" என்று ஒரே பிடியாக நிற்கிறார். பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாச்சு. என் சேமிப்பு என்றால் மாதம் 2,000 நகைச்சீட்டு, அவ்வளவுதான். அவரிடம் என்ன சொல்ல? நான் எங்கிருந்து ஆரம்பிக்க?

தபால்பெட்டி:
தம்பி, நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 ஆகணும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், ஆனால் 55 தாண்டி ஓய்வு பெற்றவரும் ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் கணக்கு தொடங்கலாம். முன்பு ஒரே மாதம்தான், 2023இல் மாற்றினார்கள். இந்த 3 மாதத்தைக் கோட்டைவிட்டால் அப்பா இன்னும் 2 வருஷம் காத்திருக்கணும், அதனால் முதலில் தேதியைப் பார். ஓய்வுப் பணம் வந்ததற்கான அத்தாட்சியை மறக்காமல் எடுத்துப் போ. வட்டி இப்போது 8.2 சதவீதம், போட்ட அன்றைய வட்டியே 5 வருஷத்துக்கும். 8 லட்சம் போட்டால் 3 மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய். மிச்ச 3 லட்சம் பேங்கில் எஃப்டியாகவே கிடக்கட்டும், ஆஸ்பத்திரி செலவு சொல்லிக்கொண்டா வருகிறது.

முக்கூடல் பொண்ணு:
எங்கம்மா பீடி சுற்றினவள். மடியில் சொளவு, ஒரு கையில் கத்தரி, இலையைப் பார்க்காமலே வெட்டுவாள், எங்கள் மூன்று பேர் படிப்பும் அதில்தான். பிஎஃப் பணம் வந்ததும் மொத்தத்தையும் என் கல்யாணத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இன்றைக்கு அவளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் பென்ஷன், சர்க்கரை மாத்திரைக்கு என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறாள், அது எனக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆச்சு. அண்ணே, பேத்தி கல்யாணத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வருஷம் இருக்கிறது. பிள்ளைக்கு 10 வயது ஆகவில்லை, பெண் குழந்தைக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு ஓடும், 15 வருஷம் கட்டினால் போதும். ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் பேரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது குறிப்பிட்ட வருஷத்துக்குள் நீங்கள் இல்லாமல் போனால் மட்டும் வீட்டுக்குப் பணம் வரும் காப்பீடு. அதுவரைக்கும் பேங்கிலேயே வருஷத்துக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு இருக்கு, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கு, ரெண்டிலும் சேருங்கள். 20 ரூபாயில் அப்பாவையும் சேர்க்கலாம்.

வள்ளியூரான்:
எல்லாரும் வட்டி வட்டி என்கிறீர்கள், பத்து வருஷம் கழித்து இந்த வட்டிக்கு என்ன வாங்க முடியும்? எங்கப்பா 1998இல் 40 ஆயிரத்துக்கு வாங்கின 5 சென்ட்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது. மனை என்றாலே ஏமாற்று என்று பேசாதீங்க. இடம் யார் யார் கை மாறியது, கடன் ஏதும் இருக்கா என்று தெரிய 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்கள், மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் டிடிசிபியின் அங்கீகார எண், மனை விற்பனையைக் கண்காணிக்கும் ரெரா ஆணையத்தின் பதிவு எண் ரெண்டையும் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை என்று எழுந்து வந்துவிடுங்கள்.

தபால்பெட்டி:
வள்ளியூர் அண்ணாச்சி, 98இல் உங்கப்பாவுக்கு என்ன வயசு?

வள்ளியூரான்:
36. சம்பளம் வந்துகொண்டிருந்தது. சரி, புரியுது.

தபால்பெட்டி:
அதேதான். சுகர் மாத்திரைக்கு அரை சென்ட்டை வெட்டி விற்க முடியாது. தம்பி, நாமினி பேரை ஆதாரில் இருக்கிறபடியே எழுது. ஒரு 'ள்' குறைந்ததற்காக ஒரு ஆச்சி என் கவுண்டருக்கு நாலு மாதம் நடந்தாள்.

அம்பைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ரெரா எண் கேட்டேன், "அடுத்த வாரம் வந்துரும் சார்" என்றார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அப்பாவிடம் முக்கூடல் தங்கச்சி எழுதினதை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "அந்த 16,400 என் பேருக்குத்தானே வரும், உன் பேருக்கு இல்லியே?" என்று கேட்டார். திங்கட்கிழமை தபால் ஆபீஸ் போகிறோம். நகைச்சீட்டு இன்னும் 5 தவணை பாக்கி, அதை முடித்துவிட்டு அந்த 2,000ஐ மகள் கணக்குக்கு மாற்றலாம் என்றிருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.