ரிமாண்ட் நாள் 60-ல் சேருமா, சேராதா?

மருதன்: 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் காவலில் இருப்பவருக்கு உரிமையாகக் கிடைப்பது டீஃபால்ட் ஜாமீன். பாம்பே உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் டி.எச்.எஃப்.எல். நிறுவனத்தின் வாத்வான் சகோதரர்களுக்குக் கொடுத்த அந்த ஜாமீன் சரியில்லை என்பேன். ரிமாண்ட், அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்டது, மே 14. அமலாக்கத்துறை புகார் (அவர்கள் வழக்கில் அதுதான் குற்றப்பத்திரிகை) தாக்கல் செய்தது ஜூலை 13. முதல் நாளைத் தள்ளி எண்ணினால் அது 60-ஆவது நாள். தள்ளச் சொல்வது, சட்டங்களைப் படிக்கப் பொது விதிகள் தரும் ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றத்தின் 1995 ருஸ்தம் தீர்ப்பும் அப்படித்தான் எண்ணியது. ராத்திரி 9 மணிக்கு ரிமாண்ட் என்றால் மிச்சம் 3 மணி நேரம். அது ஒரு முழு நாளா?

தேன்மொழி: அந்த ராத்திரி அவர் எந்த உத்தரவில் சிறைக்குப் போகிறார்? மாஜிஸ்திரேட் அன்று போட்ட உத்தரவில்தானே? காவலில் வைத்த நாளைக் கணக்கில் விடுவது எந்த ஊர் நியாயம்? 9-ஆவது பிரிவு ‘இந்தத் தேதியிலிருந்து’ என்று சட்டமே சொல்லும் இடத்துக்கு உரியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.-யின் 167(2)-ல் அப்படி இல்லை. ‘மொத்தம் 60 நாளுக்கு மேல் காவல் கூடாது’ என்பதுதான் இருக்கிறது. 1986-லேயே உச்ச நீதிமன்றத்தில் சகந்தி சத்யநாராயணா வழக்கில் ரிமாண்ட் நாளைச் சேர்த்தே எண்ணினார்கள். ருஸ்தம் அதைக் கவனிக்கவே இல்லை. 2023 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பாம்பே தீர்ப்பைத்தான் உறுதி செய்தது.

மருதன்: சரி, சேர்த்தே எண்ணுங்கள். 60-ஆவது நாள் ஜூலை 12, ஞாயிறு. கோர்ட்டே இல்லாத நாளில் எங்கே தாக்கல் செய்வது? ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 10-ஆவது பிரிவு அடுத்த வேலை நாளைத் தருகிறதே.

தேன்மொழி: பலரும் சறுக்குகிற இடம் இதுதான், சார். குற்றப்பத்திரிகைக்கு 167 கடைசி நாள் எதையும் வைக்கவில்லை. 100-ஆவது நாளிலும் தாக்கல் செய்யலாம், வழக்கு செத்துவிடாது. முடிவது காவலில் வைக்கும் அதிகாரம் மட்டும். அதற்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. கொரோனா ஊரடங்கே அந்த நாள்களை நீட்டாது என்று, நம் மதுரைக் கிளையிலிருந்து போன வழக்கில், 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதே.

கதிரவன்: கைது நாளையும் ரிமாண்ட் நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மார்ச் 1 ராத்திரி கைது, மார்ச் 2 ரிமாண்ட் என்றால் மார்ச்சில் 30 நாள், ஏப்ரலில் 30. ஏப்ரல் 30 முடிந்தால் உரிமை பிறந்துவிடும். மே 1 காலையிலேயே மனு உள்ளே போக வேண்டும், பிணை கொடுக்கத் தயார் என்ற வரியோடு. மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், 11 மணிக்குக் குற்றப்பத்திரிகை வந்துவிடும், உரிமை போச்சு. சி.ஆர்.பி.சி.-க்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 187(3)-லும் இதே கணக்குதான்.

மருதன்: மனு முதலில், குற்றப்பத்திரிகை அடுத்து, இரண்டும் ஒரே நாளில் என்றால்?

கதிரவன்: ஜாமீன் உண்டு. வாத்வான் வழக்கே அதுதான்.