இராவணன் வெட்டை அனிமேஷனாக எடுத்தால்?

உப்புவெளியான்:
ஐந்து நிமிடத்துக்குள் ஒரு அனிமேஷன் செய்து பார்க்கிறேன். எங்கள் ஊர் திருகோணமலைக் கதைதான், நோயாளித் தாய் கும்பிட வேண்டும் என்று சிவன் கோயில் இருக்கிற கோணமலையையே பெயர்க்கப் போன இராவணன், மலையில் விழுந்த வாள்வெட்டு (அதுதான் இராவணன் வெட்டு), அப்புறம் தாயின் கிரியைக்காகக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு. காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கிற ஸ்டோரிபோர்ட் பாதி முடிந்தது, ஆனால் இடி, மின்னல், பத்துத் தலை என்று டிவி புராண சீரியல் மாதிரியே வந்து நிற்கிறது. அயர்லாந்துக்காரர் நாட்டார் கதையை எடுத்தால் மட்டும் ஏன் இப்படி ஆவதில்லை?

தம்பலகாமத்தாள்:
தம்பி, அயர்லாந்து இயக்குநர் டொம் மூரின் 'சோங் ஒஃப் த சீ' (2014) அனிமேஷன் படத்தைப் பாருங்கள். மனைவியை இழந்து வெளிச்சவீட்டில் இறுகிப்போய் இருக்கிற அப்பாவுக்கும், துக்கம் தாங்காமல் அழுது, கல்லாக்கப்பட்ட மக் லிர் என்ற பூதத்துக்கும் ஒரே குரல், பிரெண்டன் க்ளீசன். பேரப்பிள்ளைகளை அவர்கள் நல்லதுக்கென்று நகரத்துக்கு இழுத்துப்போகிற பாட்டிக்கும், மற்றவர்களின் உணர்ச்சிகளை உறிஞ்சி ஜாடியில் அடைத்து அவர்களைக் கல்லாக்குகிற ஆந்தைக் கிழவி மாகாவுக்கும் அப்படியே. மாகா கெட்டவளும் இல்லை, மகன் மக் லிர் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் தொடங்கியவள். இதற்கு இதுதான் அர்த்தம் என்று படத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. உங்களிடமும் கல் இருக்கிறது, தாயை இழந்த மகன் இருக்கிறான், பிறகு வாளை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

மடத்தடி மச்சான்:
வாள் போகட்டும், பத்துத் தலையை விடாதே மச்சான். தன் தலையையே கொய்து, நரம்பை உருவி வீணை கட்டிப் பாடினவன் என்று சொல்லி வைத்த ஊர் இது, இதைவிடப் பெரிய கற்பனையை எந்த ஸ்டூடியோவில் போய்த் தேடுவாய்? ஒன்பது தலை ஆளுக்கொன்று கத்தட்டும், ஒன்று மட்டும் அழட்டும்.

தம்பலகாமத்தாள்:
அது நல்லாயிருக்கு! கன்னியாவில் இன்றைக்கும் இறந்தவர்களுக்கான கிரியையான அந்தியேட்டி செய்கிறார்கள்தானே, அங்கிருந்து தொடங்கலாம். சின்னச் சதுரக் கிணறுகள், எட்டிப் பார்த்தால் அடி தெரியும், ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. அப்பம்மாவின் அந்தியேட்டிக்கு வந்த பையன் வாளியோடு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறான், அப்பா ஒரு சொல்லும் பேசாமல் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். அந்த அப்பாவின் முகத்தையே இராவணனுக்கும் வரையுங்கள்.

உப்புவெளியான்:
சரி அக்கா, பின்னணியில் கதை சொல்கிற குரலை எடுத்துவிட்டேன், மின்னலும் போயிற்று. அப்பாவுக்கும் இராவணனுக்கும் சேர்த்துப் பேச ஒரே ஆள் வேண்டும், சினிமாத் தமிழ் வேண்டாம், திருகோணமலைப் பேச்சு வர வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.