இரண்டு சுரப்பிகளில் மட்டும் கறுத்த உட்கரு: ஏஐஎஸ் (சுரப்பிச் செல்களில் இன்னும் ஊடுருவாத ஆரம்ப நிலைப் புற்று) என எழுதலாமா?

முதுநிலை மாணவி: 34 வயதுப் பெண்ணின் கருப்பை வாய் பயாப்ஸி. இரண்டு சுரப்பிகளில் உட்கருக்கள் நீண்டு, கறுத்து, அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒட்டிய செல்களோ சளி நிரம்பி வெளுப்பாக, வரிசை கலையாமல் இருக்கின்றன. அவருக்கு இன்னும் குழந்தை இல்லை. எழுதக் கை வரவில்லை.

பதில்: சுரப்பியின் குழிப் பக்கம் பாரும்மா. செல் பிளவுகள் மேலே மிதக்கின்றனவா? செத்த செல் துணுக்குகள் உண்டா? சிலியா (செல் மேல் நுண்மயிர்) தெரிந்தால் நில், மெட்டாப்ளேசியாவாக, அதாவது புற்றல்லாத செல் மாற்றமாக இருக்கலாம். நான் அதில் ஒருமுறை ஏமாந்து, இரவெல்லாம் தூங்கவில்லை. பி16 புரதத்துக்கான சாயம் போடு. திட்டுத்திட்டாகப் பிடித்தால் மெட்டாப்ளேசியா பக்கம். விடாமல் அடர்ந்து பிடித்தால் எச்பிவி வைரஸ், பெரும்பாலும் 18 அல்லது 16 வகை.

மாணவி: மிதக்கும் பிளவு நான்கு எண்ணினேன் மேடம். சிலியா இல்லை. பி16 முழுக்கப் பழுப்பு.

இன்னொரு பதில்: சரி, ஏஐஎஸ்தான். ஆனால் இந்தத் துணுக்கை வைத்து ஊடுருவல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கூம்பு வெட்டு (கருப்பை வாயைக் கூம்பு வடிவில் வெட்டியெடுப்பது) கேளுங்கள், ஒரே துண்டாக. மின்கம்பியால் வெட்டினால், அது சுட்ட விளிம்பைப் படிப்பது பெரும்பாடு. விளிம்பு சுத்தமென்றால் கருப்பையை வைத்தே குழந்தைக்கு முயலலாம். அப்புறம், இது இடையில் நல்ல திசுவை விட்டு, தள்ளித் தள்ளியும் இருக்கும். கண்காணிப்பு அவசியம் என்று அறிக்கையிலேயே எழுதுங்கள்.