திருப்பிக் கொண்டுவந்து விட்டானே, பிறகென்ன திருட்டு?

(எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை)

தோவாளைச் சித்தி, 5:12: யாராவது இருக்கிறீர்களா? ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தம்பியை நாளைக் காலை பத்து மணிக்கு அழைத்துவரச் சொல்கிறார்கள். எதிர்வீட்டுப் பூக்காரர் பைக் திருட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கை காலெல்லாம் நடுங்குகிறது.

மார்த்தாண்டம் மாமா, 5:14: திருட்டா? நம் வீட்டுப் பிள்ளையா?

தோவாளைச் சித்தி, 5:17: இவனும் கூட்டாளியும் இன்று விடியற்காலை அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்கப் போயிருக்கிறார்கள். எட்டரை மணிக்கு எடுத்த இடத்திலேயே நிறுத்திவிட்டான். பெட்ரோலும் போட்டிருக்கிறான்.

மார்த்தாண்டம் மாமா, 5:18: பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிற திருடனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. திருப்பிக் கொடுத்த பிறகு வழக்கே நிற்காது. நீ பயப்படாதே தங்கச்சி. நான் ஒரு ஆளிடம் பேசுகிறேன்.

நாகர்கோவில் அக்கா, 5:31: இப்போதுதான் கோர்ட்டிலிருந்து வந்தேன். மாமா, தயவுசெய்து யாரிடமும் பேச வேண்டாம். சித்தி, சாவி எப்படிக் கிடைத்தது? பூட்டை உடைத்தானா?

தோவாளைச் சித்தி, 5:33: ஐயோ இல்லை. சாவி எப்போதும் அவர் திண்ணையில் ஆணியில்தான் தொங்கும். தெருவுக்கே தெரியும். போன மாதம்கூட இவன் கேட்டதும் கொடுத்தார்.

நாகர்கோவில் அக்கா, 5:34: கேட்டதும் கொடுத்தார். இந்த முறை கேட்டானா?

தோவாளைச் சித்தி, 5:36: தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்று நினைத்தானாம்.

நாகர்கோவில் அக்கா, 5:44: சரி, மாமா சொன்னதற்கு முதலில் பதில். நம் சட்டத்தில் திருட்டு என்பதற்குப் பொருளை ஒரேயடியாக வைத்துக்கொள்ளும் எண்ணம் தேவையில்லை. நேர்மையற்ற எண்ணத்தோடு, அவருடைய சம்மதமில்லாமல், அவர் வசமிருந்து பொருளை நகர்த்தினாலே போதும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 378, 379. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 303. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

நாகர்கோவில் அக்கா, 5:49: இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1952இல் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் அனுமதியில்லாமல் ஒரு ஹார்வர்டு விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பாகிஸ்தானில் இறக்கிவிட்டார். கூடவே ஒரு நண்பர். வழி தவறிவிட்டது என்றார். 1957இல் உச்ச நீதிமன்றம், தற்காலிகமாக எடுத்ததும் திருட்டுதான் என்றது. மெஹ்ரா வழக்கு என்று சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்போம்.

மார்த்தாண்டம் மாமா, 5:51: விமானமும் தோவாளை பைக்கும் ஒன்றா மக்களே?

நாகர்கோவில் அக்கா, 5:55: விமானம் வேண்டாமென்றால் காகிதம் பாருங்கள். ராஜஸ்தானில் ஓர் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போய், வேண்டிய ஆளிடம் காட்டிவிட்டு, மறுநாளே அலுவலகத்தில் வைத்துவிட்டார். அந்த ஆள் அதற்குள் சில தாள்களை மாற்றிவிட்டார். பியாரேலால் பார்கவா வழக்கு, 1962இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கோப்பு திரும்பி வந்தது, தண்டனையும் நிலைத்தது.

இங்கிலாந்து மைனி, 6:02: வேலை இடைவேளையில் பார்க்கிறேன். இங்கே அப்படியில்லையே! நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இருந்தால்தான் திருட்டு என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. என்னோடு வேலை பார்ப்பவரின் மகன் மாட்டிக்கொண்டபோது தெரிந்துகொண்டேன்.

மார்த்தாண்டம் மாமா, 6:03: பார்த்தாயா!

இங்கிலாந்து மைனி, 6:07: பொறுங்கள் அண்ணா. அதனால் அவன் தப்பவில்லை. வண்டியைச் சம்மதமின்றி எடுப்பது அதே சட்டத்தில் 12ஆம் பிரிவில் தனிக் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. 1961இல் லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் கோயா வரைந்த ஓவியம் ஒன்று காணாமல் போய், நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. திருப்பித் தரும் எண்ணம்தான் இருந்தது என்று வாதாடியவருக்குச் சட்டகத்தைத் திருடியதற்கு மட்டுமே தண்டனை கிடைத்தது. ஏனென்றால் சட்டகம் திரும்பவில்லை. காட்சிப் பொருளை எடுத்துப்போவதற்கும் அதன்பிறகு தனிப் பிரிவு போட்டார்கள்.

பெரியப்பா, 6:10: மரச்சட்டகத்துக்குத் தண்டனை, ஓவியத்துக்கு இல்லை. வெள்ளைக்காரன் தனக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் எழுதிவைத்திருக்கிறான்.

நாகர்கோவில் அக்கா, 6:15: நமக்கு எழுதினவன் ஒரு வழியும் விட்டுவைத்திருக்கிறான் பெரியப்பா. நண்பர் வீட்டில் இல்லாத நேரம் அவர் அலமாரியிலிருந்து படித்துவிட்டுத் தருவதற்காக ஒருவர் புத்தகம் எடுக்கிறார். நண்பர் சம்மதிப்பார் என்றே நினைத்து எடுத்திருந்தால் அது திருட்டல்ல. சட்டத்திலேயே உள்ள உதாரணம் இது, புதிய சட்டத்திலும் இருக்கிறது.

பெரியப்பா, 6:17: மார்த்தாண்டத்துக்கும் சேர்த்துச் சொல். என் அலமாரியில் இரண்டு புத்தகம் குறைகிறது.

மார்த்தாண்டம் மாமா, 6:18: அத்தான், இது அதற்கான நேரமா?

நாகர்கோவில் அக்கா, 6:24: வண்டிக்கும் இதே வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 197இல், உரிமையாளர் சம்மதமில்லாமல் வண்டியை ஓட்டிச்சென்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019க்கு முன் அபராதம் 500தான். ஆனால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று நியாயமாக நம்பி எடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. வழக்கு வந்தால் நான் பிடிக்கப்போவது இதைத்தான். அதில்தான் ஓர் இடர்ப்பாடு. சித்தி, பூக்காரர் தினமும் எத்தனை மணிக்குச் சந்தைக்குக் கிளம்புவார்?

தோவாளைச் சித்தி, 6:29: நாலரைக்கு. பைக்கின் பின்னால் சாக்குக் கட்டிப் பிச்சிப்பூ கொண்டுபோவார். இன்று ஆட்டோ கிடைத்துப் போவதற்குள் சந்தை ஓய்ந்துவிட்டதாம். ஈரச் சாக்குப் போட்டு மூடியும் மொட்டெல்லாம் வாய் திறந்துவிட்டது. விரிந்த பிச்சியை யார் எடுப்பார்? பாதி விலைக்குத் தள்ளினேன் என்று அவர் மனைவி என்னிடம் அழுதாள்.

நாகர்கோவில் அக்கா, 6:33: அதுதான். சாயங்காலம் கேட்டால் கொடுப்பவர், சந்தை நேரத்தில் கொடுப்பாரா? எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாது என்று நீதிபதியிடம் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். அவருக்கு நஷ்டம் நேரும் என்று தெரிந்தே எடுத்தான் என்று அவர்கள் தரப்பு சொல்லும். பெட்ரோல் போட்டது தண்டனையைக் குறைக்க உதவலாம், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் மாமா, 6:36: முதல் முறை என்றால் சமூக சேவைதான் என்று செய்தியில் போட்டிருந்தார்களே?

நாகர்கோவில் அக்கா, 6:38: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால் அது. பைக் அந்தக் கணக்கில் வராது. முதல் தகவல் அறிக்கை போட்டுவிட்டால் ஜாமீனுக்கும் அலைய வேண்டும். இப்போது சி.எஸ்.ஆர். ரசீதோடுதான், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டோடுதான் நிற்கிறது, அந்த வரைக்கும் நல்லது.

மார்த்தாண்டம் மாமா, 6:41: தம்பி ஸ்டேட்டஸில் சூரியனோடு படம் போட்டிருக்கிறான். பைக் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. உடனே அழிக்கச் சொல்லுங்கள்!

நாகர்கோவில் அக்கா, 6:41: அழிக்கக் கூடாது!! சான்றை அழித்தான் என்று இன்னொன்று சேரும். கூட்டாளியும் அழிக்கக் கூடாது. ஊரறியப் படம் போட்டவன் ஒளித்து வைக்கும் எண்ணத்தில் எடுக்கவில்லை என்று நான் சொல்வதற்கும் அந்தப் படம்தான் வேண்டும்.

தோவாளைச் சித்தி, 6:45: இப்போது என்ன செய்யட்டும்?

நாகர்கோவில் அக்கா, 6:52: அவனை அழைத்துக்கொண்டு இன்றைக்கே எதிர்வீட்டுக்குப் போங்கள். பேச வேண்டியவன் அவன், நீங்கள் அல்ல. பூவில் போன பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பைக் திரும்பியதை அவரிடம் பெரிதாகச் சொல்ல வேண்டாம், அவருக்குப் போனது சந்தை. வழக்காகவே ஆனாலும் திருட்டைப் பொருளின் உரிமையாளர் சமரசத்தில் முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. முடிவு அவர் கையில்.

தோவாளைச் சித்தி, 8:20: போய்வந்தோம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாளை சந்தை முடிந்து நேரே ஸ்டேஷனுக்கு வந்து எழுதித் தருகிறேன் என்று என்னிடம் சொன்னார். சாவியை ஆணியிலிருந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

நாகர்கோவில் அக்கா, 8:24: நல்லது. அவர் எழுதித் தருவதன் நகல் ஒன்று நமக்கு வேண்டும். தம்பியின் ஓட்டுநர் உரிமம், ஆதார் இரண்டையும் எடுத்து வையுங்கள். கோர்ட்டுக்குப் போகும் முன் ஒன்பதரைக்கு வந்துவிடுகிறேன்.

மார்த்தாண்டம் மாமா, 8:26: நானும் வரட்டுமா?

நாகர்கோவில் அக்கா, 8:26: வேண்டாம் மாமா.