பல் பிடுங்கி 5 வாரம் ஆகிவிட்டது, குழி மூடவே இல்லை

தறிவீட்டு மகள், அம்மாபேட்டை:

அம்மாவுக்கு வயது 61. வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது, பிடுங்கினோம். 5 வாரமாகியும் குழி மூடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் சதை தடித்திருக்கிறது, பிரஷ் பட்டாலே ரத்தம். இரண்டு நாளாகக் கீழுதடு மரத்திருக்கிறதாம். பிடுங்கிய கிளினிக்கில் "சுகர் இருக்குல்ல, மெதுவாத்தான் ஆறும்" என்று மறுபடியும் மாத்திரை கொடுத்தார்கள்.

எங்களுடையது வெண்பட்டு வேட்டித் தறி. வெள்ளைப் பாவில் ஒரு சொட்டுச் சிவப்புத் தெறித்தாலும் வேட்டி போச்சு. அதனால் அம்மா வெற்றிலை பாக்கு புகையிலையை அந்தப் பல்லோரம் அடக்கிக்கொண்டு, தறியை விட்டு எழும்வரை வாயே திறக்க மாட்டார். 40 வருடப் பழக்கம். அதே இடம் என்பதால் புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது. சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றால், கத்தி பட்டால் பரவிவிடும் என்று அத்தை அழுகிறார்.

பல் டாக்டர், சேலம்:

தங்கச்சி, இன்னொரு கோர்ஸ் மாத்திரைக்காகக் காத்திருக்காதீர்கள். டிரை சாக்கெட் (குழியில் ரத்தக்கட்டு நிற்காமல் எலும்பு திறந்து கிடப்பது) என்றால் பிடுங்கிய இரண்டு நாளிலிருந்து நாலு நாளுக்குள் உயிர் போகும் வலி வரும், அப்புறம் தணிந்துவிடும். 5 வாரம் கழித்துச் சதை வளராது. சுகர் ஆறுவதைத் தாமதப்படுத்தும், உண்மைதான். ஆனால் உதட்டை மரக்கவைக்காது. தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தம். மற்ற பல்லெல்லாம் கெட்டியாக இருக்க ஒரு பல் மட்டும் ஆடும்போதே எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும். வாயில் எந்தப் புண்ணும் 2 வாரம் தாண்டினால் காட்டிவிட வேண்டும்.

பயாப்ஸியால் நோய் பரவாது என்று அத்தையிடம் சொல்லுங்கள். மரக்க ஊசி போட்டு ஓரத்தில் துளி சதை எடுப்பார்கள், அவ்வளவுதான். நாளைக்கே பெரியாஸ்பத்திரி பல் பிரிவுக்குப் போங்கள். புகையிலையை மட்டும் விட்டால் போதாது. வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது.

காப்பித் தோட்டத்து அக்கா, ஏற்காடு:

எங்கப்பாவுக்குக் கன்னத்தில் வந்தது. ஆபரேஷன் முடிந்து 30 தடவை கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள், வாரம் 5 நாள். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற அவரால் முடியவில்லை. அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் 6 வாரம் தங்கினோம்.

ஒன்றை மட்டும் மறக்காதேம்மா. ஒருவேளை கரண்ட் என்று முடிவானால், சொத்தைப் பல்லையெல்லாம் அதற்கு முன்பே எடுத்து, புண் ஆற இரண்டு வாரமாவது விடச் சொல். எங்களுக்கு இது தெரியாது. 3 வருடம் கழித்து வேறோர் இடத்தில் பல் பிடுங்கினார்கள். கரண்ட் வைத்தது உண்டா என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கரண்ட் பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுமாம். ஈறு மூடாமல் எலும்பு வெளியே தெரிந்தது, சோறு பட்டாலே துடிப்பார். கஞ்சியை ஆற வைத்து இடப்பக்கமாக ஊட்டுவேன். இன்னமும் மனசு ஆறவில்லை.

தறிவீட்டு மகள்:

அக்கா, டாக்டர் சார், இன்று காலை போய்வந்தோம். எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருக்கிறது. சதை எடுத்தார்கள், ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். கரண்ட் வைப்பதற்கு முன் பல்லைப் பார்ப்பீர்களா என்று நானே கேட்டேன், பார்ப்போம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா வெற்றிலைப் பெட்டியை அத்தையிடம் கொடுத்துவிட்டார். தறியில் பாதி வேட்டி நிற்கிறது, நாளைக்கு உட்காரலாமா என்று கேட்கிறார்.