புது அறையில் பேஸ் முழங்குகிறது, ட்ரெபிள் குத்துகிறது: குமிழை எங்கே வைப்பது?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. பழைய ஓட்டு வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) பேஸ் (கனத்த கீழ்ச்சத்தம்), ட்ரெபிள் (கூரிய மேல்சத்தம்) குமிழ்கள் இரண்டையும் நடுவில் வைத்தே பல ஆண்டுகள் பாட்டுக் கேட்டேன். அதே ஆம்ப்ளிஃபயரையும் 8 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகளையும் 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி உள்ள புதிய கான்கிரீட் அறைக்கு மாற்றியதிலிருந்து, பேஸ் கிட்டாரில் குறிப்பிட்ட ஒன்றிரண்டு சுரங்கள் வரும்போது மட்டும் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கிறது. ஜால்ராச் சத்தமோ காதைக் குத்துகிறது. பேஸைக் குறைத்தால் பாடகரின் குரல் சோகை பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. பெட்டிகள் இரண்டும் மூலைகளில், கட்டில் எதிர்ச் சுவரை ஒட்டி இருக்கின்றன.

ஈரோட்டு மெக்கானிக்:
தம்பி, குமிழை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி செல்கிறது. அதை அறையின் நீளத்தையோ அகலத்தையோ உயரத்தையோ இரட்டித்த எண்ணால் வகுத்தால், எதிரெதிர்ப் பரப்புகளுக்கிடையே எந்தச் சுரம் தங்கி முழங்கும் என்பது ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கில்) தெரிந்துவிடும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. உங்கள் அறையின் அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் 56 ஹெர்ட்ஸின் முழக்கம் இரண்டு பக்கமும் சேர்ந்து கூடுகிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ் என்பதைப் பார்த்தால் கண்ணாடி ஏன் அதிர்கிறது என்று புரியும். பேஸ் குமிழ் அந்த ஒன்றை மட்டும் பிடித்து இறக்காது, 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி முழுவதையும், ஆண்குரலின் அடிப்பகுதியோடு சேர்த்தே இறக்கும். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸைத் தூக்கிவிடுகின்றன. பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடியாவது முன்னே இழுத்துவிட்டு, கைபேசியிலிருந்து இந்தப் பெட்டிகள் வழியே 56 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டபடி அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள்: சுவரோரம் உறுமும், நடுவில் ஏறக்குறைய காணாமற்போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் உட்காருங்கள்.

நாமக்கல் வாசகர்:
சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் தீராதா? எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஈரோட்டு மெக்கானிக்:
அட்டை மேல்சுருதியைக் கொஞ்சம் கலைக்குமே தவிர, இருபதடி நீளமுள்ள பேஸ் அலைக்கு அது இருப்பதே தெரியாது. ட்ரெபிளுக்கு வெறும் டைல்ஸ் தரைதான் காரணம்; பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்து, பக்கச் சுவரில் கனமான திரை போட்டாலே போதும். குமிழைக் கடைசியில், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் வைத்துத் திருப்புங்கள், ஏனெனில் சத்தம் குறையும்போது காது பேஸைத்தான் முதலில் இழக்கிறது; அமெரிக்க ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

கோபிக்காரன்:
செய்து பார்த்தேன் அண்ணா. நடு அறையில் நின்றபோது தொனி அணைந்தேவிட்டது என்று எண்ணிக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டிலைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் போட்டதில் அம்மாவுக்குத்தான் வருத்தம். பேஸ் குமிழ் பழையபடி நடுவுக்கு வந்துவிட்டது. ட்ரெபிளை மட்டும் ஒரு கோடு குறைத்திருக்கிறேன்.