நான் தோற்ற ஸ்கின்னர் வழக்கு

'தி சிம்ப்ஸன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் எழுத்து எப்போது சறுக்கியது என்று கேட்டால், யோசிக்காமல் தேதியே சொல்வேன்: 1997 செப்டம்பர் 28. எட்டு ஆண்டுகளாக நாம் பார்த்துவந்த பள்ளி முதல்வர் ஸ்கின்னர், ஸ்கின்னரே இல்லை. ஆர்மின் டாம்சாரியன் என்ற ஆள்மாறாட்டக்காரர் என்று அன்றைய எபிசோடில் போட்டு உடைத்தார்கள். போரில் மாண்டதாக நம்பப்பட்ட நிஜ ஸ்கின்னர் வாசலில் வந்து நிற்கிறார்.

ஒரு பாத்திரத்தை இத்தனை காலம் வளர்த்து ஒரே வீச்சில் வெட்டலாமா? இது என் கட்சி. அறைத்தோழன் எதிர்க்கட்சி. தட்டு கழுவும்போதுகூட இதே வழக்குதான். ஒருநாள் அவன் பொறுமையிழந்து, "கடைசிக் காட்சியை மட்டும் வாயை மூடிக்கொண்டு பார்" என்றான்.

பார்த்தேன். நிஜ ஸ்கின்னரை நாற்காலியோடு கட்டி ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுகிறது ஊர். ஸ்கின்னரின் பெயர், கடந்தகாலம், தாய் எல்லாவற்றையும் போலிக்கே வழங்குகிறார் நீதிபதி. இனி இதைப் பற்றி மூச்சுவிட்டால் சித்திரவதையாம்! பழகிய ஆளே போதும், உண்மையான ஆள் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் அந்த ஊர்க்கூட்டத்தில் நானும் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எழுதிய கென் கீலர் குறிவைத்ததும் என்னைப் போன்றவர்களைத்தான்.

ஆனாலும் முழுதாக இறங்கிவர மாட்டேன். 1993-இல் கோனன் ஓ'பிரையன் எழுதிய மோனோரெயில் எபிசோடிலும் இதே ஊர் கூட்டமாக முட்டாளாகிறது. அதற்காக யாருடைய பிறப்பையும் வளர்ப்பையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்பும் அதில்தான் அதிகம்.

மறுமொழி 1

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடரின் முதல் பருவத்தில், பகைகொண்ட இரு குலங்கள் பள்ளத்தாக்கைக் கடக்கும் 'தி கிரேட் டிவைட்' எபிசோடை எல்லோரும் கரித்துக் கொட்டுவார்கள். நான் மட்டும் வக்காலத்து வாங்கினேன். இரு தரப்பும் சொல்லும் பழங்கதைகளை வேறுவேறு ஓவியப் பாணியில் காட்டியிருப்பார்களே, அது ஒன்று போதாதா என்பேன்.

அக்கா மகள் வாதாடவே இல்லை. அதே தொடரில் 2008-இல் வந்த, நாயகர்களின் பயணத்தையே நாடகமாக நடிக்கும் கொட்டகை எபிசோடைப் போட்டுக் காட்டினாள். மேடையில் அதே பள்ளத்தாக்கு வருகிறது. பறந்துகொண்டே போகலாம் என்று சொல்லி நடிகர்கள் கடந்துவிடுகிறார்கள். "மாமா, கட்சிக்காரரே வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டாரே" என்றாள்.

மறுமொழி 2

'அட்வெஞ்சர் டைம்' கார்ட்டூன் எபிசோடுகளுக்கு நோட்டுப் புத்தகத்தில் மதிப்பெண் போட்டுவந்தவன் நான். வசனத்துக்கு ஒரு பத்தி, படத்துக்கு ஒரு பத்தி. வசனம் எட்டு, படம் ஐந்து என்ற வரியைப் பார்த்து, ஓவியம் பயிலும் தோழி ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தத் தொடரில் எழுத்தாளர்கள் கதைச்சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைப் படம்படமாக வரைந்து வைக்கும் முன்வரைவு, வரைபவர்களே வசனத்தையும் எழுதுகிறார்கள் என்றாள். ஒரே ஆளை இரண்டாகக் கிழித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். நோட்டு இன்னும் இருக்கிறது. இரு பத்திகளுக்கும் நடுவிலிருந்த கோட்டை மட்டும் அழித்துவிட்டேன்.